பத்து வரி நிரல், ஐந்து நாள் காத்திருப்பு: வெப் ஆப்பிலிருந்து மெயில் அனுப்புவது எப்படி

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. கிளப் ஹவுஸில் பாய் விரித்து, அ, ஆவில் தொடங்கி நான்காம் நிலை வரை. பதிவும் கட்டணமும் வாட்ஸ்அப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தன. யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது வகுப்பை நடத்தும் அக்காவுக்கே சரியாகத் தெரியாது. "நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற, ஒரு ஃபார்ம் போட்டுக் குடேன் தம்பி" என்றார். போட்டேன். ஃபார்ம், கட்டணம், பட்டியல் எல்லாம் இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிட்டன. "பதிவு செய்தமைக்கு நன்றி" என்று பெற்றோருக்கு ஒரு மெயில் போக வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

நிரல்தான் வேலை என்று நினைத்ததுதான் காரணம். நிரல் பத்து வரிகூட வராது. அந்தப் பக்கம் இருக்கும் மெயில் சர்வர் உங்களை நம்ப வேண்டும். அதற்கு டொமைன் (சொந்த இணையப் பெயர்), டிஎன்எஸ் பதிவுகள் (அந்தப் பெயரின் தளத்தையும் மெயிலையும் எந்த சர்வர் பார்க்கிறது என்ற பொதுப் பட்டியல்), ஒரு விண்ணப்பம், பிறகு காத்திருப்பு. இவற்றை முதல் நாளே தொடங்கிவிட்டால், காத்திருக்கும் நேரத்தில் நிரலை எழுதி முடித்துவிடலாம். நான் தலைகீழாகச் செய்தேன். நீங்கள் கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள். நான் பைத்தானில் ஜாங்கோ (வெப் ஆப் கட்டும் சட்டகம்) வைத்துச் செய்தேன். நோட் ஜேஎஸ்காரர்கள் அதற்குரிய மெயில் நூலகமான நோட்மெயிலர் என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

1. எத்தனை மெயில், யாருக்கு: முதலில் தாளில் எழுதுங்கள்

எங்களுக்கு 140 குடும்பங்கள். பதிவு உறுதி, கட்டண ரசீது, வகுப்பு ரத்து அறிவிப்பு, அப்புறம் எப்போதாவது பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு. மாதம் 600 மெயிலைத் தாண்டாது. இந்த எண் தெரியாமல் எந்தச் சேவையையும் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பத்திலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொரு பிரிவினையும் இங்கேயே செய்துவிடுங்கள். ஒருவர் ஏதோ செய்ததற்குப் பதிலாகப் போகும் மெயில் ஒரு வகை: ரசீது, ஓடிபி, பாஸ்வேர்டு. நீங்களாக நினைத்து எல்லோருக்கும் அனுப்பும் அறிவிப்பும் விளம்பரமும் வேறு வகை. இரண்டையும் ஒரே முகவரியிலிருந்து அனுப்பினால், பொங்கல் விழா அழைப்பை யாராவது ஸ்பேம் என்று அழுத்தும்போது அடி ரசீதுக்கும் சேர்த்து விழும்.

"எஸ்எம்எஸ் அனுப்பிவிடலாமே" என்று தோன்றும். இந்தியாவில் ஆப்பிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி என்ற, தொலைபேசி நிறுவனங்களின் பதிவேட்டில் பதிய வேண்டும். அனுப்புநர் பெயர், ஒவ்வொரு செய்தியின் வாசகம் என எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். சின்ன வேலைக்கு மெயிலே மேல்.

2. டொமைனை இன்றைக்கே வாங்குங்கள்

ஜிமெயில் முகவரியைப் போட்டு, ஜிமெயில் அல்லாத ஒரு சேவை வழியாக அனுப்பலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது நம் பெயரில் வேறொருவர் கையெழுத்துப் போடுவது மாதிரி. பெறுபவரின் சர்வர் பிடித்துவிடும். சொந்த டொமைன் வேண்டும். டாட் இன் முடிவுடன் எனக்கு முதல் வருடம் எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. முதல் வருட விலையைப் பெரிய எழுத்தில் போட்டு, புதுப்பிக்கும் விலையைக் கீழே பொடி எழுத்தில் போடுவது இந்தத் தொழிலின் வழக்கம். பார்க்க வேண்டியது இரண்டாவது விலையை.

கார்டு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டுச் சேவைகளுக்குப் பணம் கட்டும்போது கார்டு தோற்றால், பணம் இல்லை என்று அர்த்தமில்லை. புதிய கார்டுகள் பலவற்றில் சர்வதேசப் பரிவர்த்தனை அணைக்கப்பட்ட நிலையில்தான் கைக்கு வரும். வங்கி ஆப்பில் போய் அதை இயக்குங்கள், வரம்பை ஆயிரமோ இரண்டாயிரமோ வையுங்கள். இது தெரியாமல் மூன்று கார்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

வாங்கியதும், உங்கள் டொமைனின் டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய இடத்திலா, கிளவுட்ஃபிளேர் போன்ற டிஎன்எஸ் சேவையிலா, ஹோஸ்டிங் நிறுவனத்திலா? நேம்சர்வர் (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) எதைக் காட்டுகிறதோ அங்கேதான் மாற்ற வேண்டும். தவறான பேனலில் பதிவுகளைச் சேர்த்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

3. அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

வழிகள் மூன்று. மூன்றாவதைக் கடைசியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்.

முதல் வழி, ஜிமெயில். நாளுக்கு நூறு மெயிலுக்குள், உங்களுக்கும் தெரிந்த சிலருக்கும் மட்டும் என்றால் இது போதும். சாதாரண பாஸ்வேர்டை நிரலில் போட்டால் வேலை செய்யாது. 2022 மே 30-க்குப் பிறகு கூகுள் அதை நிறுத்திவிட்டது. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, பிறகு ஆப் பாஸ்வேர்டு உருவாக்க வேண்டும். நான்கு நான்காகப் பிரித்து 16 எழுத்து காட்டும். நடுவில் உள்ள இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒட்டுங்கள். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துப்போகும். "நேற்று வரை போச்சே" என்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சாதாரணக் கணக்குக்கு நாளுக்கு 500 மெயில், பணம் கட்டும் வொர்க்ஸ்பேஸ் கணக்குக்கு 2000 என்பது வரம்பு. தாண்டினால் கணக்கு ஒரு நாள் வரை அனுப்ப மறுக்கும். அது உங்கள் சொந்தக் கணக்கென்றால் சொந்த மெயிலும் அனுப்ப முடியாது.

இரண்டாவது, மெயில் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் சேவை. அமேசான் எஸ்இஎஸ் ஆயிரம் மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட் வாங்குகிறது. மும்பையிலும் அதன் ரீஜன் (சர்வர்கள் இருக்கும் இடம்) உண்டு. மாதம் 600 மெயிலுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து ரூபாய் சுமார், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. பெங்களூரு தர்ஷினி ஓட்டலில் ஒரு காபிகூட வராது. ஜோஹோவின் செப்டோமெயிலும் இருக்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 10,000 மெயில், ஆறு மாதத்துக்குச் செல்லும். ஆனால் ரசீது, ஓடிபி வகைக்கு மட்டும், விளம்பர மெயிலுக்கு அனுமதியில்லை. நான் எஸ்இஎஸ் எடுத்தேன். அழகான திரைகள் வேண்டும், குழப்பம் கூடாது என்றால் செப்டோமெயில் எளிது.

மூன்றாவது, சொந்தமாக மெயில் சர்வர் நிறுவுவது: வேண்டாம்.

4. விண்ணப்பமும் கேட்கும் விவரங்களும்

கணக்குத் தொடங்கியவுடன் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிவிட முடியாது. எஸ்இஎஸ்ஸில் முதலில் சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையில் இருப்பீர்கள்: 24 மணி நேரத்தில் 200 மெயில், நொடிக்கு ஒன்று, அதுவும் நீங்கள் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக ஒரு நாளுக்குள் முதல் பதில் வரும். சாண்ட்பாக்ஸ் ரீஜனுக்கு ரீஜன் தனி. டொமைனை வர்ஜீனியாவில் சரிபார்த்துவிட்டு நிரலில் மும்பை முகவரியைக் கொடுத்தால் "சரிபார்க்கப்படாத முகவரி" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். திரையின் மேல்வலது மூலையில் ரீஜன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடங்குங்கள்.

இதற்கு முன்பு வேறொரு சேவையில் நான் விண்ணப்பித்தேன். பயன்பாடு என்ற கட்டத்தில் "வகுப்பு மெயில்கள் அனுப்ப" என்று மூன்று சொல் எழுதினேன். ஆப் அப்போது என் லேப்டாப்பில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்த இணைப்பைத் திறந்தால் வெற்றுப் பக்கம். மறுத்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

விண்ணப்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை:

- திறந்தால் ஏதாவது தெரியும் இணையப் பக்கம். ஒரு பக்கம் போதும், ஆனால் நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று இருக்க வேண்டும்.
- தனியுரிமைக் கொள்கைப் பக்கம். முகவரியை எதற்கு வாங்குகிறீர்கள், யாருக்கும் தர மாட்டீர்கள் என்று பத்து வரி.
- முகவரிகள் எப்படிக் கிடைத்தன என்பதற்குத் தெளிவான பதில். "பெற்றோர் தாங்களே ஃபார்மில் நிரப்புகிறார்கள், சரிபார்ப்பு இணைப்பை அழுத்திய பிறகே சேர்க்கிறோம்" என்பது போல.
- திரும்பி வரும் மெயில்களையும், "வேண்டாம்" என்பவர்களையும் என்ன செய்வீர்கள் என்பதற்கு ஒரு பதில்.
- ஒரு மாதிரி மெயிலின் வாசகம்.
- கார்டு, மொபைல் எண். சில சேவைகள் அடையாளச் சான்றும் கேட்கும், பான் கார்டின் தெளிவான படம் இருக்கட்டும். ஜிஎஸ்டி எண் இருந்தால் கணக்குத் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். பிறகு பழைய பில்லில் சேர்ப்பது பெரும்பாடு. இல்லையென்றால் பரவாயில்லை.

மறுபடி வேறிடத்தில் விண்ணப்பித்தபோது இதையெல்லாம் ஒன்றரைப் பத்தியில் எழுதினேன். மறுநாள் காலை ஒப்புதல் வந்துவிட்டது.

5. டிஎன்எஸ் பதிவுகள்: இங்கேதான் எல்லோரும் விழுவார்கள்

மூன்று பெயர்கள் வரும். எஸ்பிஎஃப் என்பது என் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் போடலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் போடும் முத்திரை. அதைச் சரிபார்க்கும் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும். டிமார்க் என்பது இரண்டும் தோற்றால் என்ன செய்வது என்று பெறுபவருக்கு நீங்கள் சொல்லும் கட்டளை. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம். நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம், விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வேண்டும். நீங்கள் ஐந்து மெயில் அனுப்பினாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை.

எஸ்இஎஸ் மூன்று சிநேம் பதிவுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டுபவை) தரும், அவைதான் டிகிம். அப்படியே நகலெடுத்து ஒட்ட வேண்டும். முதல் முறை ஒட்டிவிட்டு 72 மணி நேரம் காத்திருந்தேன். "நிலுவையில்" என்றே காட்டிக்கொண்டிருந்தது. பர்ப்பிள் லைனில் கெம்பேகவுடா போகும் வழியில் போனில் பேனலைத் திறந்து பார்க்கிறேன், பதிவின் பெயரில் என் டொமைன் இரண்டு முறை இருக்கிறது. பெயர்க் கட்டத்தில் பல பேனல்கள் டொமைனைத் தாங்களே கடைசியில் ஒட்டிக்கொள்ளும். நாமும் முழுப் பெயரை ஒட்டினால் "வகுப்பு டாட் இன் டாட் வகுப்பு டாட் இன்" என்ற கணக்கில் ஆகிவிடும். சேமித்த பிறகு பட்டியலில் பெயரை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

கிளவுட்ஃபிளேர் வைத்திருப்பவர்கள் இந்த மூன்று சிநேம் பதிவுகளுக்கும் ஆரஞ்சு மேகத்தை (இடையில் கிளவுட்ஃபிளேர் புகும் ப்ராக்ஸியை) அணைத்து, சாம்பல் நிறத்தில் வையுங்கள்.

எஸ்பிஎஃப்-இல் பொறி வேறு. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். ஏற்கெனவே ஏதாவது மெயில்பெட்டிக்காக ஒன்று இருந்தால், புதிதாக இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். பழையதற்குள்ளேயே இன்னொரு "இன்க்ளூட்" (அனுமதிக்கும் சேவையின் பெயர்) சேருங்கள். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அதைச் சரிபார்க்கச் செய்யும் டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டினாலும் செல்லாது.

இன்னொன்று: எஸ்பிஎஃப் பார்ப்பது கடிதத் தாளில் உள்ள அனுப்புநர் பெயரை அல்ல, உறையின் மேல் உள்ள முகவரியை (சேராத மெயில் திரும்பிப் போகும் முகவரி). எஸ்இஎஸ் வழக்கமாக உறையில் தன் முகவரியையே போடும். அதனால் எஸ்பிஎஃப் தேர்ச்சி என்று வந்தாலும் அது உங்கள் டொமைனுக்குக் கிடைத்த தேர்ச்சி அல்ல. டிகிம் சரியாக இருந்தால் டிமார்க் அதை வைத்தே தேறிவிடும். உறையிலும் உங்கள் பெயரே வேண்டுமென்றால், ஒரு துணை டொமைனை "மெயில் ஃப்ரம்" என்று அமைத்து, அதற்கு ஒரு எம்எக்ஸ் பதிவும் (வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்பது) ஒரு எஸ்பிஎஃப் பதிவும் போடுங்கள். நான் போட்டேன், பத்து நிமிடம்.

டிமார்க் பதிவை முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் அறிக்கைகளைப் பார்த்த பிறகு குவாரண்டைன் (ஸ்பேமுக்குத் தள்ளு), பிறகு ரிஜெக்ட் (ஏற்காதே). முதல் நாளே ரிஜெக்ட் போட்டு, தன் மெயிலைத் தானே தடுத்துக்கொண்ட நண்பர் எனக்கு உண்டு. அறிக்கைகளுக்குத் தனி மெயில்பெட்டி கொடுங்கள். எக்ஸ்எம்எல் கோப்பாக நாள்தோறும் வந்து குவியும்.

6. இப்போது நிரல்

ஜாங்கோவில் அமைப்புக் கோப்பில் ஹோஸ்ட் (மெயில் சர்வரின் முகவரி), போர்ட் (அதன் வாசல் எண்), பயனர்பெயர், பாஸ்வேர்டு, இயல்பான அனுப்புநர் முகவரி ஆகியவற்றைக் கொடுத்து "சென்ட் மெயில்" செயல்கூற்றை அழைத்தால் முடிந்தது. கடைசி ஒன்றை மறந்தால் "வெப்மாஸ்டர் அட் லோக்கல்ஹோஸ்ட்" என்ற பெயரில் மெயில் கிளம்பும். எந்தச் சேவையும் ஏற்காது.

போர்ட் விஷயம்: 587 என்றால் யூஸ் டிஎல்எஸ், 465 என்றால் யூஸ் எஸ்எஸ்எல். இரண்டும் இணைப்பைக் குறியாக்கும் அமைப்புகள். இரண்டையும் ஒன்றாக இயக்கினால் ஜாங்கோ பிழை தரும். நோட்மெயிலரில் 465-க்கு மட்டும் "செக்யூர்" உண்மை, 587-க்குப் பொய். பொய் என்று போட்டால் பாதுகாப்பு இல்லை என்று பொருளல்ல, இணைப்பு தொடங்கிய பிறகு குறியாக்கத்துக்கு மாறும், அவ்வளவே. போர்ட் 25 பக்கம் போகாதீர்கள். அமேசான், கூகுள் கிளவுட் இரண்டுமே அதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கின்றன. 587-உம் அடைபட்ட ஹோஸ்டிங்கில் மாட்டினால் எஸ்இஎஸ் 2587-ஐயும் கொடுக்கிறது.

எஸ்இஎஸ்ஸின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) பயனர்பெயரும் பாஸ்வேர்டும், அமேசான் கணக்கின் வழக்கமான அக்சஸ் கீயும் ஒன்றல்ல. எஸ்எம்டிபி அமைப்புத் திரையில் தனியாக உருவாக்க வேண்டும். மாற்றிப் போட்டால் 535 என்ற பிழை எண் வரும்.

பாஸ்வேர்டை நிரலுக்குள் எழுதாதீர்கள். நிரலுக்கு வெளியே, சூழல் மாறிகளுக்கான தனிக் கோப்பில் வையுங்கள், அந்தக் கோப்பைக் கிட்டில் (நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) சேர்க்காதீர்கள். தவறிப்போய் ஒருமுறை கிட்ஹப்பில் ஏறிவிட்டால், நீக்குவது போதாது, சாவியையே மாற்றுங்கள். வரலாற்றில் அது அப்படியே இருக்கும், துழாவும் தானியங்கி நிரல்கள் நம்மைவிட வேகம்.

டைம்அவுட் (பதில் வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் கைவிடுவது என்ற வரம்பு) போடுங்கள், பத்து நொடி போதும். நான் போடவில்லை. அதன் விலை: பதிவு திறந்த ஞாயிறு காலை, மெயில் இணைப்பு தொங்கிக்கொண்டு நிற்க, பக்கம் சுழன்றுகொண்டே இருக்க, பெற்றோர் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினார்கள். ஒரு அம்மாவுக்கு மூன்று ரசீது. "தம்பி, மூணு தடவை காசு போயிருச்சா?" என்று கிளப் ஹவுஸ் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். போகவில்லை, ஆனால் அதை நம்பவைக்கப் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறக்க வேண்டியதாயிற்று.

அதனால் பக்கம் திறந்திருக்கும்போதே மெயில் அனுப்பாதீர்கள். அனுப்ப வேண்டியதை ஒரு அட்டவணையில் எழுதி வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சின்ன வேலை ஒன்று எடுத்து அனுப்பட்டும். செலரி, ரெடிஸ் (பெரிய வேலை வரிசைகளுக்கான கருவிகள்) என்று எல்லோரும் சொல்வார்கள். 140 குடும்பத்துக்கு அது கல்யாணப் பந்தலை இழுத்துவந்து பிறந்தநாள் கொண்டாடுவது மாதிரி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் போதும். ஒரே ரசீது எண்ணுக்கு இரண்டாம் வரிசை சேராதபடி அட்டவணையில் தடை வையுங்கள். தரவுத்தளத்தில் பரிவர்த்தனை உறுதியான பிறகே வரிசையை எழுதுங்கள். இல்லையென்றால் தோற்றுப்போன கட்டணத்துக்கும் "நன்றி" போகும். இதற்காகவே ஜாங்கோவில் "ஆன் கமிட்" இருக்கிறது.

தொடர்புப் படிவம் வைத்திருப்பவர்களுக்கு: பார்வையாளரின் முகவரியை அனுப்புநராகப் போடாதீர்கள். அனுப்புநர் எப்போதும் உங்கள் டொமைன். பார்வையாளர் முகவரி "ரிப்ளை டு"வில். அதே போல, எல்லோருடைய முகவரியையும் பெறுநர் கட்டத்தில் வரிசையாகப் போட்டு ஒரே மெயிலாக அனுப்பாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனி மெயில். 140 பேருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

7. தமிழில் தலைப்பு வைத்தால்

தமிழ் எழுத்து யுடிஎஃப்-8இல் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் எடுக்கும். "தமிழ்" என்ற சொல்லில் கண்ணுக்கு மூன்று எழுத்து. உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், 15 பைட். மெயில் தலைப்பில் இதை நேரடியாகப் போட முடியாது, குறியாக்கம் செய்து துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். ஜாங்கோவும் நோட்மெயிலரும் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். தலைப்பு வரிகளைக் கையால் சரம் சரமாக ஒட்டினால்தான் கேள்விக்குறிகளும் கிறுக்கல்களும் வரும். நான் முதலில் ஒட்டினேன். "கட்டணம் பெறப்பட்டது" என்பது ஏதோ பிரெஞ்சு எழுத்துகளாகப் போய்ச் சேர்ந்தது. கன்னடத்தில் அறிவிப்பு அனுப்பினாலும் இதே கதைதான்.

நீளமான தலைப்பை 40 எழுத்தில் வெட்டும் பழக்கம் இருந்தால் கவனம். குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டினால் புள்ளியோ கால்குறியோ தனியாகத் துண்டிக்கப்படும். "கட்டணம்" போய் "கட்டணம" ஆகிவிடும். சொல் எல்லையில் வெட்டுங்கள். அப்புறம், எச்டிஎம்எல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை மறைத்துவிடும். தமிழ் மெயில் அந்த எல்லையைச் சீக்கிரம் தொடும். எச்டிஎம்எல்லோடு வெறும் உரை வடிவமும் சேர்த்தே அனுப்புங்கள்.

8. சோதனை: உண்மையான முகவரிகள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது

ஒருநாள் இரவு 11:40-க்கு, நிஜத் தரவுத்தளத்தின் நகலை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். "சோதனை சோதனை 3" என்ற தலைப்பில் 140 பெற்றோருக்கும் மெயில் போனது. முதல் போன் 11:43-க்கு வந்தது. அக்காதான்.

லேப்டாப்பில் ஜாங்கோவின் கன்சோல் பின்தளத்தை வையுங்கள். மெயில் வெளியே போகாமல் டெர்மினலில் அச்சாகும். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மெயில்பிட் நிறுவுங்கள்: 1025-ஆம் போர்ட்டில் வாங்கிக்கொண்டு, 8025-இல் உலாவியில் காட்டும். நகல் தரவுத்தளத்தில் முகவரிகளை முதலில் மாற்றிவிடுங்கள்.

நிஜமாக அனுப்பிப் பார்க்கும்போது உங்கள் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் அசல் மெயிலைக் காட்டும் தேர்வை அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே "பாஸ்" இருக்க வேண்டும். அவுட்லுக்குக்கும், யாராவது ஒருவருடைய அலுவலக முகவரிக்கும் அனுப்பிப் பாருங்கள். அலுவலக வடிகட்டிகள்தான் கடுமை.

"சென்ட் மெயில்" 1 என்று திருப்பித் தந்தால் மெயில் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. தபால் பெட்டியில் போட்டாயிற்று, அவ்வளவுதான்.

9. அனுப்ப ஆரம்பித்த பிறகு

திரும்பி வரும் மெயில்களைக் கவனியுங்கள். ஃபார்மில் "ஜிமெயில்" என்பதை எழுத்து மாற்றித் தட்டியவர்கள் எங்களிடம் மட்டுமே ஆறு பேர். இல்லாத முகவரிக்கு மறுபடி மறுபடி அனுப்புவதுதான் பெயரைக் கெடுக்கும். எஸ்இஎஸ்ஸில் திரும்பும் விகிதம் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு ஆய்வுக்குப் போகலாம், 10-ஐத் தொட்டால் நிறுத்தலாம். 550 போன்ற ஐந்நூறு வரிசைப் பிழை வந்த முகவரியை உடனே நிறுத்துங்கள். நானூறு வரிசை தற்காலிகம், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அனுப்பலாம்.

ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது என்கிறது ஜிமெயில். 140 பேரில் ஒருவர் அழுத்தினாலே 0.7. ஆகவே அறிவிப்பு மெயில்களில் "வேண்டாம்" இணைப்பைப் பெரிதாக, மேலேயே வைத்தேன். ஒளித்து வைத்தால் ஸ்பேம் பொத்தானைத்தான் தேடுவார்கள்.

பதில் எழுதுபவர்களுக்கு ஒரு பெட்டி வையுங்கள். கிளவுட்ஃபிளேரின் மெயில் ரூட்டிங் இலவசம். உங்கள் டொமைனுக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும். ரசீதுக்குப் பதிலாக "சார், பையன் இந்த வாரம் வர மாட்டான்" என்று எழுதுபவர்கள்தான் பாதிப்பேர்.

10. நாள் கணக்கு

இப்போது மறுபடி செய்தால் இப்படிப் போவேன். முதல் நாள்: டொமைன், ஒரு பக்க இணையதளம், சேவைக் கணக்கு, டிஎன்எஸ் பதிவுகள். அன்று இரவே பேனலில் பெயர் இரட்டிக்கவில்லையே என்று பார்ப்பது. இரண்டாம் நாள்: டொமைன் சரிபார்ப்பு முடிந்ததும் விண்ணப்பம். இரண்டு, மூன்று, நான்கு: நிரல், வரிசை அட்டவணை, மெயில்பிட்டில் சோதனை. ஐந்தாம் நாள்: பத்துப் பேருக்கு மட்டும் நிஜ மெயில். அடுத்த ஞாயிறு எல்லோருக்கும். எனக்கு ஆண்டுச் செலவு டொமைனும் மெயிலும் சேர்த்து ஆயிரத்துக்குள், சர்வர் வாடகை தனி.

டொமைன் புதுப்பிக்கும் தேதியை இரண்டு பேருடைய காலண்டரில் போடுங்கள். அது காலாவதியானால் இணையதளம், டிகிம், பதில் பெட்டி எல்லாம் ஒரே காலையில் நிற்கும். என் டொமைன் என் கார்டில் இருந்தது; கார்டு மார்ச்சில் முடிகிறது, டொமைன் ஏப்ரலில். அக்காவின் காலண்டரில் பிப்ரவரி 20 அன்று "தம்பிகிட்ட கார்டு கேக்கணும்" என்று இருக்கிறது.